கலையும் கமமும் பிரியாதிருந்த ஸ்ரீநிகேதன்

கலை மண்டபம் ஒன்று தேவையென்ற கோரிக்கை எழும்போதெல்லாம் அது நகரத்தின் மத்தியிலேயே அமைய வேண்டுமென எதிர்பார்ப்பது நம்மவர்களின் வழக்கமாகிவிட்டது. வயலும் மாடும் ஒருபுறம், கலையும் மேடையும் மறுபுறம் எனப் பிரித்துப் பார்க்கும் மனப்பாங்கே இதற்குக் காரணமாகும். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் வங்காளத்தில் கவிஞர் ஒருவர் இதற்கு நேர்மாறாகச் சிந்தித்தார். அவரது முயற்சி தந்த அனுபவம், தமிழ், முஸ்லிம் கமக்காரர்கள் அடுத்தடுத்த வயல்களில் பாடுபடும் நமது பிரதேசங்களுக்கும் பொருத்தமானது என்பதாலேயே அதனை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இன்றைய மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில், சாந்திநிகேதனுக்கு அண்மையிலுள்ள சுருல் கிராமத்தில், ரவீந்திரநாத் தாகூர் 1912 ஆம் ஆண்டில் பழைய வீடொன்றையும் காணியையும் வாங்கியிருந்தார். 1922 பெப்ரவரி 6 ஆம் திகதி அங்கு கிராமப் புனரமைப்பு நிலையம் ஆரம்பிக்கப்பட்டது. பின்னர் ஸ்ரீநிகேதன் எனப் பெயர் பெற்றதும் அதுவே. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் விவசாயம் கற்ற லெனாட் எல்ம்ஹேர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் அதன் முதலாவது பணிப்பாளரானார். அமெரிக்கச் செல்வந்தப் பெண்மணியான டொரதி ஸ்ட்ரெயிட் நிதி வழங்கினார். இவ்விருவரும் 1925 இல் திருமணம் செய்து, இங்கிலாந்தின் டெவன் பிராந்தியத்திலுள்ள டார்ட்டிங்டனிலும் விவசாயத்தையும் கலையையும் இணைத்த நிலையமொன்றை உருவாக்கியமை குறிப்பிடத்தக்கது.

சுருல் கிராமம் ஏன் நலிந்தது என ஆராய்ந்த எல்ம்ஹேர்ஸ்ட் மூன்று காரணங்களைக் கண்டார். பயிரை அழிக்கும் குரங்குகள், உயிரை வாட்டும் மலேரியா, ஒருவர் மீது ஒருவர் கொண்ட அவநம்பிக்கை என்பனவே அவையாகும். முதலிரண்டையும் உழைப்பாலும் மருந்தாலும் எதிர்கொள்ளலாம். இந்துக்களும் முஸ்லிம்களும் சந்தால் பழங்குடியினரும் வாழும் கிராமங்களில் வேரூன்றிய மூன்றாவது நோய்க்கு மருந்தேது? கூட்டுறவுச் சங்கங்களும் சுகாதாரச் சங்கங்களும் அமைக்கப்பட்டன. நெசவு, தோல் வேலை, மட்பாண்டக் கலை ஆகியன கற்பிக்கப்பட்டன. ஆயினும், மக்கள் ஒன்றுகூடி மகிழாத கிராமம் ஒன்றுகூடி உழைக்கவும் மாட்டாது என்பதைத் தாகூர் உணர்ந்திருந்தார். ஆதலால் கமத்தின் பருவங்களையே கலையின் பருவங்களாகவும் அவர் அமைத்தார்.

மழைக்காலம் வரும்போது அதனை வரவேற்கும் வர்ஷா மங்கல் ஆடல் பாடல்களுடன் நடைபெறும். 1928 ஜூலையில் மரநடுகை விழாவும் ஏர்பூட்டு விழாவும் தொடக்கிவைக்கப்பட்டன. மரக்கன்றை அலங்கரித்த பல்லக்கில் ஏற்றி ஊர்வலமாகக் கொண்டுவந்து நடுவதும், கோலமிட்ட நிலத்தில் சோடித்த எருதுகளைப் பூட்டி உழுவதும் இவ்விழாக்களின் சிறப்பாகும். உயர்குடியினர் கலப்பையைத் தொடுவதே இழிவெனக் கருதப்பட்ட சமூகத்தில் தாகூர் தாமே ஏர் பிடித்தார். ஓவியர் நந்தலால் போஸ் அந்தக் காட்சியை ஸ்ரீநிகேதன் சுவரில் ஓவியமாகத் தீட்டினார். தாகூர் 1941 ஓகஸ்ட் 7 ஆம் திகதி மறைந்தார். அவரது நினைவு தினத்தில் மரநடுகையும், மறுநாள் ஏர்பூட்டும் இடம்பெறுவது பின்னர் மரபாயிற்று.

மழையில் நட்ட நெல் அறுவடையாகி வீடு வந்துசேர, டிசெம்பர் பிற்பகுதியில் சாந்திநிகேதனின் பௌஷ் மேளா தொடங்கும். கமக்காரரின் மடியில் பணமும் கையில் ஓய்வும் இருக்கும் காலம் அது. இந்து மரபிலிருந்து வந்த பாவுல் பாடகர்களும் முஸ்லிம் பக்கீர்களும் அங்கு பாடுவர். கைவினைஞர்கள் தமது பொருட்களை விற்பர். பெப்ரவரியில் ஸ்ரீநிகேதனின் ஆண்டு விழாவும் விவசாய, கைப்பணிக் கண்காட்சியும் நடைபெறும். அதன் பின்னர் வசந்த உற்சவம் வரும். எந்த விழாவும் உழவுக்கு இடையூறாக அமையவில்லை. ஒவ்வொன்றும் உழவின் ஒரு கட்டத்தை நிறைவுசெய்தது.

இந்த ஏற்பாடு குறைகளற்றதெனக் கூறிவிட முடியாது. காலப்போக்கில் விழாக்களைக் காண வந்த நகரத்தாரின் கூட்டம் பெருகியது. சுற்றாடல் மாசு தொடர்பான பிணக்குகளும் பெருந்தொற்றும் சேர்ந்துகொண்டதால், 2019 இன் பின்னர் சில ஆண்டுகள் பல்கலைக்கழகம் பௌஷ் மேளாவை நடத்தவில்லை. 2024 இலேயே மீண்டும் நடத்தியது. இடைக்காலத்தில் வருடாந்த வருவாயை இழந்தவர்கள் சிறு கைவினைஞர்களே. சாந்திநிகேதன் 2023 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. எனினும் மரபுரிமை கட்டடத்தில் மட்டும் வாழ்வதில்லை என்பதையே அந்த இடைவெளி உணர்த்தியது.

இச்சிந்தனை நமது நாட்டுக்கு அந்நியமானதன்று. ஹொரணையில் ஸ்ரீபாளி நிலையத்துக்கு 1934 மே மாதத்தில் அடிக்கல் நாட்டியவர் தாகூரே. இன்று அவ்விடத்தில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இயங்குகின்றது. அதற்கும் முன்பிருந்தே, எவரும் போதிக்காமல், கிழக்கிலங்கை மக்கள் இதே வழியில்தான் வாழ்ந்து வந்தார்கள். மட்டக்களப்பில் வேளாண்மை வெட்டி முடிந்த பின்னரே கூத்துக் களரி களைகட்டும். அண்ணாவியார் சட்டங்கொடுத்து மாதக்கணக்கில் பழக்குவதற்கு அந்த ஓய்வு அவசியமாக இருந்தது. முஸ்லிம் கிராமங்களின் களிகம்பும் பொல்லடியும், இரு சமூகத்தாரும் வயலில் பாடிய கவிகளும் இதே மண்ணில் விளைந்தவையாகும்.

ஆனால் இன்று நாம் காண்பது என்ன? விடிய விடிய ஆடிய கூத்து, அரச விழா மேடையில் சில நிமிட அலங்காரமாகச் சுருங்குகின்றது. ஆடுவோரின் பயிர் அழிந்ததா, அறுவடை கடனுக்கே போனதா என எவரும் கேட்பதில்லை. கமக்காரன் நொடிந்தால் களரியும் வெறுமையாகும் என்பதைத் திட்டமிடுவோர் உணர வேண்டும். கலாசார நிதியொதுக்கீட்டில் ஒரு பகுதியேனும் கிராமத்துக் களரிக்கும் அண்ணாவியாருக்கும் அறுவடைக் காலத்தை ஒட்டிச் சென்றடைய வேண்டும்.

ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சும் இரு சமூகத்தாரும் ஒரே களத்தில் ஒருவரது கலையை மற்றவர் இருந்து பார்க்கும் நாட்கள் ஆண்டில் இரண்டு மூன்றாவது அமையுமானால், சுருல் கிராமத்தில் எல்ம்ஹேர்ஸ்ட் கண்ட மூன்றாவது நோய்க்கு இங்கும் ஓரளவு மருந்து கிடைக்கும். அதற்குப் பெரிய மண்டபம் எதுவும் தேவையில்லை. சூடடித்து முடிந்த களம் ஒன்றே போதுமானது.