விசைப்படகின் யந்திரம் அதிகமாகச் சூடேறுதல்: காரணங்களும் பரிகாரங்களும்

கடலோரத் தாலுகாக்களில் நிலமும் படகும் சேர்ந்து வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. இறைப்பு யந்திரம் பழுதானால் அவர்களுக்கு ஒரு நாளையப் பாய்ச்சல் நிற்கும். கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் படகின் யந்திரம் நின்றாலோ, வலையும் மீனும் மாத்திரமன்றி ஆட்களின் உயிரும் காற்றின் வசமாகும். படகினுள் பொருத்திய டீசல் யந்திரம் நடுவழியில் நிற்பதற்கு அதிகச் சூடு ஒரு முக்கியமான காரணம். அது பெரும்பாலும் முன்னடையாளம் காட்டியே வருகிறது. அடையாளத்தை அறிந்து, தண்ணீர் செல்லும் வழியை முறைப்படி பின்பற்றிப் பார்த்தால், காரணத்தைப் படகிலிருப்பவரே அநேகமாகக் கண்டுகொள்ளலாம்.

தண்ணீர் செல்லும் வழி

எரியும் எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே படகை ஓட்டும் வேலையாக மாறுகிறது. மற்றவை உஷ்ணமாகின்றன. இவ்வுஷ்ணத்தில் ஒரு பகுதி புகையோடு போகும். மற்றொரு பகுதியைத் தண்ணீர்தான் ஏந்திச் செல்ல வேண்டும்.

பெரும்பாலான யந்திரங்களில் இருவகைத் தண்ணீர் உண்டு. ஒன்று, கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர். இது யந்திரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். இதனை உள்நீர் என்போம். மற்றது கடல்நீர். படகின் அடியிலுள்ள வால்வு வழியாக ஏறி, வடிகட்டியைக் கடந்து, ரப்பர் இதழ்களுடைய இம்பெல்லர் பம்பினால் தள்ளப்பட்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்னும் குழாய்ப் பெட்டிக்குள் அது செல்கிறது. அங்கே உள்நீரின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகைக் குழாயில் கலந்து பின்புறமாக வெளியே கொட்டுகிறது. இவ்விரண்டும் சரியாக ஓடினால் உள்நீரின் சூடு சாதாரணமாக 75 முதல் 90 டிகிரி சென்டிகிரேடுக்குள் நிற்கும்.

முதலில் செய்ய வேண்டியது

மானி வழக்கத்துக்கு மேல் ஏறக் கண்டவுடன் வேகத்தைக் குறைத்து, கடல் இடங்கொடுத்தால் கியரை விடுவிக்க வேண்டும். பிறகு படகின் பின்புறம் எட்டிப் புகைக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு பார்வையே பாதிச் சோதனைக்குச் சமம். தண்ணீர் அடியோடு நின்றிருந்தால் தாமதமின்றி யந்திரத்தை நிறுத்துக. மேலும் ஓட்டினால் சிலிண்டர் ஹெட் கோணும், பிஸ்டன் இறுகும்.

இரண்டு காரியங்களை ஒருபோதும் செய்யலாகாது. சூடான நிலையில் உள்நீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கலாகாது. மூடியின் அழுத்தத்தால் 100 டிகிரிக்கு மேலும் கொதியாமல் அடங்கியிருக்கும் தண்ணீர், திறந்த கணமே ஆவியாகப் பொங்கி முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். சூடேறிய இரும்பின்மேல் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் கூடாது. அதனால் வார்ப்பு வெடிக்கும்.

கடல்நீர் குறைந்தோ நின்றோ போயிருந்தால்

பழுது கடல்நீர் வழியில் இருக்கிறது. அடியிலிருந்து மேலாக வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

1. வால்வு முழுதும் திறந்திருக்கிறதா என்று பார்க்கவும். அதன் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொள்வது இக்காலத்தில் சாதாரணம். பாக் விரிகுடா போன்று கடற்புல் மிகுந்த ஆழமற்ற இடங்களில் புல்லும் சேறும் அடைக்கும்.

2. வால்வை மூடிய பிறகே வடிகட்டியைத் திறந்து கழுவ வேண்டும். மூடாமல் திறந்தால் கடல் படகுக்குள் வரும். வேலை முடிந்தபின் வால்வைத் திறக்க மறப்பதும் பலருக்கு நேர்வதே.

3. பம்புக்கு முந்திய ஹோஸில் வெடிப்போ தளர்ந்த கிளாம்போ இருந்தால் பம்பு தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும். வடிகட்டியின் கண்ணாடி மூடியில் குமிழிகள் தெரிவது இதற்கு அடையாளம்.

4. பம்பின் மூடியைக் கழற்றி இம்பெல்லரைப் பார்க்கவும். தண்ணீரின்றிச் சிறிது நேரம் சுழன்றாலே அதன் இதழ்கள் கருகி ஒடியும். ஆறு இதழ் இருக்க வேண்டிய சக்கரத்தில் நான்கே இருந்தால், மற்ற இரண்டும் முன்னே போய்க் குழாயை அடைத்துக்கொண்டிருக்கும். அவற்றைத் தேடி எடுக்காமல் புதிய சக்கரம் போடுவதால் பயன் குறைவு. புதியதைப் பொருத்தும்போது கிளிசரினோ சோப்பு நீரோ தடவிச் செலுத்துக.

5. இவை யாவும் நன்றாயிருந்தால், கடல்நீர் புகையோடு சேரும் வளைகுழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அங்கே உப்பும் கரியும் வருஷக்கணக்கில் படிந்து துவாரத்தைக் குறுக்கிவிடும்.

கடல்நீர் தாராளமாகக் கொட்டியும் சூடேறினால்

பழுது உள்நீர் வழியிலோ ஹீட் எக்ஸ்சேஞ்சரிலோ இருக்கக்கூடும். யந்திரம் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்க்கவும். குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவதோடு நில்லாமல், அது எங்கே போயிற்று என்று தேட வேண்டும். உள்நீர்ப் பம்பை ஓட்டும் பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 1 சென்டிமீட்டர் அமுங்கலாம். மிகவும் தொய்ந்திருந்தால் இறுக்குக.

தெர்மாஸ்டாட் என்பது சூட்டுக்குத் தக்கபடி தானே திறந்து மூடும் சிறு கதவு. அதைக் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன்மேல் பொறித்துள்ள டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். கொதி வந்தும் திறவாதது உதவாது.

ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்களில் உப்பும் இம்பெல்லர்த் துண்டுகளும் அடைத்திருக்கலாம். அதிலுள்ள துத்தநாகத் துண்டு, செம்புக் குழாய்களுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைக்கப்பட்டது. பாதி கரைந்தவுடன் மாற்றவேண்டும். முழுதும் கரைந்த பிறகு குழாய்களே அரிக்கப்பட்டு, கடல்நீர் உள்நீரோடு கலந்துவிடும்.

யந்திர எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தாலும், உள்நீர்த் தொட்டியில் ஓயாமல் குமிழி எழுந்தாலும், ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம் என்று ஐயுற வேண்டும். அது தொழிற்சாலையில் செய்யவேண்டிய வேலை. அந்நிலையில் படகைக் கடலுக்குக் கொண்டு செல்வது தகாது.

பாரமும் மானியும்

இரண்டு வழிகளிலும் குறையில்லையெனில் பாரத்தை நோக்குக. விசிறியில் கயிறோ வலையோ சுற்றியிருந்தாலும், அடிப்பலகையில் சிப்பியும் பாசியும் மண்டியிருந்தாலும் யந்திரம் அளவுக்கு மீறி உழைத்துச் சூடேறும். யந்திரத்தை அறவே நிறுத்தாமல் விசிறியின் அருகே எவரும் இறங்கலாகாது. எண்ணெய் மட்டம் குறைவதும் சூட்டை ஏற்றும்.

சிற்சில சமயங்களில் யந்திரம் சரியாயிருக்க, மானியின் கம்பியே துருவேறிப் பொய் காட்டும். தொடாமல் சூட்டை அளக்கும் கைக்கருவி இப்போது கடைகளில் கிடைக்கிறது. அதனால் தெர்மாஸ்டாட் இருக்குமிடத்தை அளந்து மானியோடு ஒப்பிட்டால் உண்மை புலப்படும். மானி பொய் என்று சோதியாமல் தீர்மானித்து ஓட்டுவது ஆபத்து.

முன்னெச்சரிக்கை

நாள்தோறும் புறப்படுமுன் உள்நீர், எண்ணெய், பெல்ட், வடிகட்டி இந்நான்கையும் பார்க்க வேண்டும். யந்திரத்தை ஓட்டியதும் பின்புறம் தண்ணீர் கொட்டுவதைக் கண்ட பிறகே கரையைவிட்டு நகர வேண்டும். இம்பெல்லரை வருஷத்துக்கு ஒரு முறை, கெடாவிட்டாலும், மாற்றிவிடுவது நலம். ஓர் இம்பெல்லர், ஒரு பெல்ட், சில கிளாம்புகள், அவற்றைப் பொருத்தும் கருவிகள், ஒரு குடம் நல்ல தண்ணீர் ஆகியவை படகில் எப்போதும் இருக்கவேண்டும்.

தண்ணீரால் குளிரும் இறைப்பு யந்திரம் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் இம்முறை பொருந்தும். கடலுக்குப் பதில் கிணறு அல்லது தொட்டி என்று மட்டும் வைத்துக்கொள்க. தண்ணீர் எங்கே புகுந்து எங்கே வெளியேறுகிறது என்று அறிந்தவர், பழுதை இருட்டில் தேடமாட்டார். அது நின்ற இடத்தில் நேரே போய்க் கைவைப்பார்.