பரதேசிகள் இறங்கிய துறை

யாழ்ப்பாணத்திற் பிறந்து வளர்ந்து, காசியையும் இராமேசுவரத்தையும் கண்டு மீண்டும், பண்ணைக் கடலுக்கு அப்பால் நயினை அம்பாளின் தேரையன்றி வேறொன்றும் கண்டறியாதவர் நம்மிடையே பலர் உளர். அவருள் நானும் ஒருவனாகவே நெடுங்காலம் இருந்தேன். திருவிழாவுக்குக் கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு மீள்வதைப் பயணம் என்று சொல்ல மனம் ஒப்புவதில்லை. ஆதலால் சென்ற பாடசாலை விடுமுறையில், தோளில் ஒரு பையும் கையில் ஒரு குடையுமாக, துணையின்றி மூன்று நாள் தீவுப்பகுதியில் அலைந்து வந்தேன்.

இதற்குத் தூண்டுகோலாக அமைந்தது, கரீபியன் தீவுகளைத் தனியே சுற்றி வந்த ஒருவரின் கட்டுரை. வெண்மணல், நீலக்கடல், ஆளரவமற்ற கரை என்று அவர் மாறி மாறிப் புகழ்ந்திருந்தார். அத்தீவுகளுள் ஒன்றான செயின்ற் லூசியாவிற் பிறந்த கவிஞர் டெரக் வோல்கொட், 1992இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய பேருரையை வாசித்தோர் இத்தகைய புகழுரைகளைச் சற்று ஐயத்துடனேயே நோக்குவர். டிரினிடாட்டில் ஒரு சிற்றூரில், கரும்புத் தோட்டத்துக்கு ஆளாய்க் கொண்டுவரப்பட்ட இந்தியரின் வழிவந்த மக்கள் நடத்திய இராமலீலையோடு தொடங்குகிறது அவ்வுரை. விளம்பரத்தாளிற் காணும் தீவு வேறு, மாந்தர் வாழும் தீவு வேறு என்பது அதன் உட்பொருள். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறிய தமிழரும் 1850களில் மார்த்தினிக், குவாதலூப் தீவுகளிற் கரையிறக்கப்பட்டனர். அவர்கள் வழியினர் அங்கே இன்றும் மாரியம்மனை வணங்குகின்றனர். ஆளரவமற்ற கரை எமது தீவுகளிலும் உண்டு. ஆனால், ஏன் ஆளில்லை என்று கேளாமல் அங்கே நடத்தல் இயலாது.

பண்ணைப் பாலத்தைக் கடந்ததும் பஸ்ஸின் இருபுறமும் முழங்காலளவு நீர். கடலில் தடி நட்டுக் கட்டிய சிறகுவலைகளிடையே மீனவர் நடந்து திரிகின்றனர். மண்டைதீவுச் சந்தி கழிய அல்லைப்பிட்டி. இச்சிற்றூரின் மணலில் சீனத்துச் சொங் அரச காலத்து மட்பாண்ட ஓடுகளை அகழ்வாராய்ச்சியாளர் கண்டெடுத்துள்ளனர் என்பதை, என் அருகில் அமர்ந்திருந்த கல்லூரி மாணவர் அறிந்திருக்கவில்லை. அதற்காக அவரைக் குறைகூறேன். நான் அறிந்ததும் அண்மையிலேதான். வேலணைச் சாட்டிக் கடற்கரையில் இறங்கி ஒரு மணி நேரம் இருந்தேன். நல்ல கடல், நல்ல மணல். அதற்குமேற் சொல்ல ஒன்றுமில்லை.

ஊர்காவற்றுறை அவ்வாறன்று. பழைய ஊராத்துறை இதுவே. யானைகள் கப்பலேறிய துறை என்பதால் போர்த்துக்கேயர் இதனை 'யானைத்துறை' என்று பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். 'கயிற்ஸ்' என்று ஆங்கிலத்தில் எஞ்சியிருப்பது அப்பெயரில் 'துறை' என்னும் பாதி மட்டுமே. ஒல்லாந்தர் வந்து தம் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்கெல்லாம் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரடாம், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டடாம். நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் ஒன்றே இன்று வழக்கில் நிலைத்தது. மற்றவற்றை மக்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் நின்று நோக்கினால் கடல் நடுவே ஹம்மன்ஹீல் கோட்டை தெரிகிறது. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது. ஒருகாலத்திற் சிறைச்சாலை, இப்போது கடற்படையினர் நடத்தும் விருந்தகம். சிறையாய் இருந்த இடத்தில் பணங்கொடுத்து உறங்க விரும்புவோர் உளர் என்பது எனக்கு வியப்பாகவே உளது.

அருகே கரம்பன். தனிநாயகம் அடிகள் 1913இற் பிறந்த ஊர். உலகமெங்கும் சுற்றி, தமிழின் பழைய அச்சுநூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடி, 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்ற பெருமகன். தம் பயணநூலுக்கு அவர் இட்ட பெயர் 'ஒன்றே உலகம்'. இத்துறையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அப்பெயர் தோன்றியதில் வியப்பில்லை. காரைநகருக்குக் கடக்கும் 'பாதை'யில் ஏறி ஒருமுறை போய் வந்தேன். மிதவைத் தெப்பத்தைப் பாதை என்றழைக்கும் இவ்வழக்கு என் உள்ளத்தைக் கவர்ந்தது.

மறுநாள் புங்குடுதீவு. பூட்டிய வீடுகள், கூரையிழந்த சுவர்களுக்குள் முளைத்த வேம்புகள், அவற்றிடையே புதிதாய் வர்ணம் தீட்டிய கோயில்கள். 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளின்போது வேலணையிலும் புங்குடுதீவிலும் இருந்து மக்கள் பெருந்தொகையாய் வெளியேறினர். இன்று ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் இவ்வூரார் பரந்து வாழ்கின்றனர். இவ்வூர்க் கவிஞர் சு. வில்வரத்தினம் தம் நூலொன்றுக்கு 'காற்றுவெளிக் கிராமம்' என்று பெயரிட்டது ஏன் என்பதை, நண்பகலில் இவ்வொழுங்கைகளில் நடப்போர் உணர்வர்.

ஆயினும் ஊர் நிறைந்திருந்த நாளெல்லாம் பொற்காலம் என்று எண்ணற்க. எழுத்தாளர் மு. தளையசிங்கம் இவ்வூரவர். ஒடுக்கப்பட்ட மக்களும் கோயிற் கிணற்றில் நன்னீர் அள்ள வேண்டுமென்று 1971இல் அவர் சத்தியாக்கிரகம் செய்தார், கைதாகித் தாக்கப்பட்டார், 1973இல் மறைந்தார். உவர்நீர்த் தீவில் நன்னீர்க் கிணறு என்பது சிறு பொருளன்று. அயலானுக்கு அதனை மறுத்தவர்களின் பிள்ளைகளும் மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் இன்று அயல்நாட்டில் ஒரே குழாய்நீரைக் குடிக்கின்றனர்.

ஒழுங்கையொன்றில் நின்று குடையை விரித்த என்னை ஒரு மூதாட்டி அழைத்தார்.

"எங்கையிருந்து வாறியள் தம்பி? ஆரின்ரை வீட்டைத் தேடுறியள்?"

"ஒருவற்றை வீட்டையும் இல்லை ஆச்சி. சும்மா ஊர் பாக்க வந்தனான்."

"சும்மாவோ?" என்று சிரித்தார். "இஞ்சை வீடு தேடி வாற ஆக்கள்தான் கூட. உள்ளை வாங்கோ. தண்ணி குடியுங்கோ, நல்ல தண்ணி, பவுசரிலை வந்தது."

பிள்ளைகள் நால்வரும் வெளிநாட்டில். தண்ணீரோடு அவர் விடவில்லை. சோறும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் கீரையும் ஆக்கினார். நான் தடுத்தபோது அவர் கூறிய மறுமொழி இது: "ஆக்கள் வந்தாத்தான் தம்பி எனக்கு உலை வைக்க மனம் வருது."

அன்று பிற்பகல் குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகேறினேன். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இக்கடல் எளிதன்று. அதிகாலையில் இக்கடலைக் கடந்து நெடுந்தீவுப் பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரியர்களை நினைத்து, தாமதமாய் வரும் மாணவரைக் கடிந்துகொள்ளும் என் வழக்கத்துக்காகச் சிறிது நாணினேன். 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட 'குமுதினி' என்னும் படகில், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். நினைவுச்சின்னம் நெடுந்தீவுத் துறையருகே உளது. படகிலிருந்து இறங்குவோர் அதனைக் கடந்தே ஊருக்குட் செல்கின்றனர்.

நெடுந்தீவின் அழகு அதன் வேலிகள். பனையோலையும் கிடுகும் அல்ல. முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய மதில்கள், கண்ணுக்கெட்டிய வரை. உட்புகுந்து நிற்கத்தக்க பொந்துடைய பெருக்குமரம் ஒன்றும் உண்டு. ஆபிரிக்க மரம், கடல்வழி வந்தோர் கொண்டுவந்தது. தீவின் தென்பால் வெளியில், ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டின்றித் திரிகின்றன. 2015இல் அவற்றின் மேய்ச்சல் நிலத்தை உள்ளடக்கித் தேசிய பூங்கா பிரகடனமாயிற்று. எனினும் வரட்சி கடுமையான ஆண்டுகளில் நீரின்றி அவை மடிந்துள்ளன. மாலையில் குட்டையொன்றின் ஓரத்தில் ஐந்தாறு குதிரைகளைக் கண்டேன். சேறே மிகுதி, நீர் கொஞ்சம். தாய்க்குதிரை ஒன்று குட்டி குடிக்கும்வரை காத்து நின்றது. இருள் கவியும்வரை அவ்விடத்தை விட்டு அகல எனக்கு மனமில்லை.

மூன்றாம் நாள் குறிகட்டுவானுக்கு மீண்டு, அங்கிருந்து நயினாதீவு. கால் மணி நேரப் படகு. ஒருபுறம் நாகபூஷணி அம்மன் கோவில், மறுபுறம் நாகவிகாரை. ஆசனம் ஒன்றுக்காக நாக அரசர் இருவர் போரிட்டதையும் புத்தர் அவர்களைச் சமாதானப்படுத்தியதையும் மகாவம்சம் நாகதீபத்திலும், மணிமேகலை மணிபல்லவத்திலும் நிகழ்ந்ததாகக் கூறுகின்றன. மணிபல்லவம் இத்தீவுதானா என்பதில் அறிஞர் ஒருமுகமாயில்லை. நான் அவ்வழக்கிற் புகேன். அங்கே நின்றபோது என் நினைவுக்கு வந்தவன் ஆபுத்திரன். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கையிலேந்தியவன். அவனை மணிபல்லவத்தில் விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. ஊட்டுவதற்கு ஓருயிரும் இல்லாத தீவில், தன் ஒருவன் வயிற்றை நிரப்ப அக்கலத்தைப் பயன்படுத்த விரும்பாமல், பொய்கையில் அதனை விட்டு உண்ணாதிருந்து உயிர்நீத்தான். வகுப்பில் இப்பகுதியைப் பலமுறை கற்பித்திருக்கிறேன். புங்குடுதீவு ஆச்சியின் உலை அதற்கு உரையாகும் என்று எண்ணியதில்லை.

கோவிலில் நான் காண விரும்பியது ஒரு கல். பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழிற் பொறித்த கட்டளை, பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையில் வந்து தங்கலாம். அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால் கால்வாசி பண்டாரத்துக்கு, முக்கால்வாசி உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கலம் உடைந்தால் சரிபாதி. இதுவே அதன் சாரம். உடைந்த கப்பலில் அகப்பட்டதைச் சுருட்டிக்கொள்ளும் வழக்கம் பல கரைகளில் இருந்த காலத்தில், அந்நியனுக்கு முக்கால் பங்கு என்று கல்லில் எழுதி வைத்த துறை இது. 'பரதேசி' என்பதை நாம் வசைச்சொல்லாக்கியது எப்போது என்று தெரியவில்லை.

கல்லைப்பற்றி என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருக்கையில் அருகில் வந்து நின்ற சிறுவன், "என்ன ஐயா எழுதுறியள்?" என்றான். கூறினேன். கவனமாய்க் கேட்டான்.

"அப்ப ஆள் உயிரோடை வந்தா?"

"இஞ்சை இருக்கலாம் எண்டு போட்டிருக்கு."

"சாப்பாடோ?"

அன்னதான மடத்துக்கு வழி காட்டினான். பந்தி தொடங்கியிருந்தது.