தரவரிசையில் வெளிநாட்டவரான நம் பிள்ளைகள்
மலாயாப் பல்கலைக்கழகம் 1998ஆம் ஆண்டு நிறுவனமயமாக்கப்பட்டது. 2004இல் லண்டன் டைம்ஸ் உயர்கல்வி இதழின் உலகத் தரவரிசையில் அதற்கு 89ஆவது இடம். பெருமையோடு பதாகைகள் எழுந்தன. மறு ஆண்டே 169! விரிவுரையாளர்கள் ஓராண்டில் பாடத்தை மறந்துவிடவில்லை. முதலாண்டில் இந்நாட்டுச் சீன, இந்திய மாணவர்களை வெளிநாட்டவர் எனக் கணக்கிட்டிருந்தார்கள். பாகான் செராயில் பிறந்து அங்கே படிக்கப் போன தமிழ்ப் பிள்ளையும் அந்தக் கணக்கில் அந்நியரே! பிழையைத் திருத்தியதுதான் சரிவுக்கு முக்கியக் காரணம். ஆனாலும் எண்ணின் மேல் உள்ள மோகம் தீரவில்லை. இன்று பதவி உயர்வு கேட்கும் விரிவுரையாளர், ஸ்கோப்பஸ் பட்டியலில் உள்ள இதழ்களில் எத்தனை கட்டுரை எழுதினார் என்று காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாறும் தோட்டப்புற மாணவனை அறைக்கு அழைத்து ஒரு மணி நேரம் விளக்கினால், அதை எந்தப் படிவத்தில் நிரப்புவது?