பிட்சாவும் தோசைக்கல்லும்

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் அக்காள் மகள் கோடை விடுமுறைக்கு நல்லூர் வந்திருந்தாள். வந்த இரண்டாம் நாளே, "மாமா, வீட்டிலேயே பிட்சா செய்யலாமா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பட்டியலை நீட்டினாள். இத்தாலிய மாவு, ஆலிவ் எண்ணெய், டப்பாவில் அடைத்த தக்காளி, ஆரிகானோ, பேசில் இலை, மொசரெல்லா, ஈஸ்ட் என்று ஏழு பொருள்கள். எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டுமென்றால் புதுச்சேரிக்குத்தான் போகவேண்டும். போனோம்.

இத்தாலியச் சரக்குகள் விற்கும் கடையில் அவள் முதலில் எடுத்தது மாவுப் பொட்டலம். அதன்மேல் இரண்டு சுழியங்கள் அச்சிட்டிருந்தன. அதன் பொருள் என்ன தெரியுமா? மாவை எரித்தால் கனிமப் பொருள்கள் மட்டும் சாம்பலாக மிஞ்சும். தவிடு நீங்க நீங்க இந்தச் சாம்பல் குறையும். நூற்றுக்கு 0.55 பங்குக்கு மேல் சாம்பல் மிஞ்சாத வெள்ளை மாவுக்கு இத்தாலியில் இரட்டைச் சுழியம் என்று பெயர். தவிடு நீக்கிய நம் மைதாவும் அதே இனந்தான். விலையைப் பார்த்தாள், பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிட்டாள்.

பிட்சா மாவு இழுபடுவதற்குக் காரணம் குளூட்டன். கோதுமையில் குளூட்டெனின், கிளையாடின் என இரு வகைப் புரதங்கள் உள்ளன. தண்ணீர் விட்டுப் பிசையும்போது இவை பின்னிக்கொண்டு வலைபோல் ஆகின்றன. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு அந்த வலையில் சிக்குவதால் மாவு உப்புகிறது. ஒரு கைப்பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, குழாய்த் தண்ணீரில் மெல்லக் கசக்கிக் கழுவிப் பாருங்கள். ஸ்டார்ச் பால்போல வழிந்து போகும். கையில் ரப்பர் போன்ற ஓர் உருண்டை தங்கும். பெக்காரி என்ற விஞ்ஞானி 1728-இல் இத்தாலியின் பொலோஞா நகரில் பிரித்துக் காட்டியது இந்த உருண்டையைத்தான்.

அடுத்தது ஆரிகானோ. சீசாவைத் திறந்து முகர்ந்தவள், "ஓமவல்லி வாசனை!" என்றாள். மூக்கு பொய் சொல்லவில்லை. ஆரிகானோவின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் என்ற சேர்மம் ஓமவல்லி எனப்படும் கற்பூரவல்லி இலையிலும் உண்டு. அதன் நெருங்கிய உறவான தைமால் ஓமத்தில் நிறைய இருக்கிறது. பேசிலும் நம் துளசியும் ஒரே பேரினச் செடிகள். மணம் அப்படியே ஒன்றாகாது. ஆனாலும் பிட்சாவைக் கெடுக்காது. ஆலிவ் எண்ணெயையும் விட்டுவிட்டோம். நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கும் விருத்தாசலத்துக்காரர்களுக்குக் கடலெண்ணெய் போதாதா என்ன?

மொசரெல்லாவில்தான் அவளை நான் தடுக்கவில்லை. "பன்னீரைத் துருவிப் போட்டால் ஆகாதா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பன்னீர் எடுக்கிறோம். அந்தப் புளிப்பு, பாலின் கேசீன் புரதத்தோடு இருக்கும் கால்சியத்தைக் கரைத்து அகற்றிவிடுகிறது. சூட்டில் மற்றப் புரதங்களும் கேசீனோடு ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பன்னீரைச் சுட்டால் அது இறுகுமேயன்றி உருகாது. மொசரெல்லாவுக்குப் பாலை நொதியால் திரைக்கிறார்கள். புளிப்பை அளவோடு நிறுத்துவதால் கால்சியத்தில் ஒரு பங்கு தங்குகிறது. பிறகு அந்தத் திரளை வெந்நீரில் போட்டு மிட்டாய்ப் பாகுபோல இழுத்து இழுத்து மடிக்கிறார்கள். அது சூட்டில் இளகி நூலாக ஓடும். புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லிலேயே இதைச் செய்கிறார்கள். ஆக, ஏழு பொருள்களுக்குப் போன நாங்கள் மொசரெல்லாவும் ஈஸ்ட்டும் மட்டும் வாங்கித் திரும்பினோம்.

250 கிராம் மைதா, 150 மில்லிலிட்டர் தண்ணீர், அரைத் தேக்கரண்டி ஈஸ்ட், கொஞ்சம் உப்பு, சிட்டிகை சர்க்கரை. எங்கள் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காகிவிட்டது. கேக் செய்ய வாங்கி மூலையில் கிடந்த மின் அடுப்பை 250 டிகிரிக்கு வைத்து, மெல்லிய அலுமினியத் தட்டில் பிட்சாவை ஏற்றினோம். பாலாடைக்கட்டி பொன்னிறமானது. அடிப்பாகமோ வெளுத்துப்போய்ச் சொதசொதவென்று இருந்தது. அவள் முகம் வாடிவிட்டது.

"செங்கல் அடுப்பில் சுடவேண்டும் மாமா. இது பீங்கான் ஊர்தானே, ஒரு கல் கிடைக்காதா?" என்றாள். நல்ல கேள்வி. 1,200 டிகிரிக்கு மேல் எரியும் சூளைக்குள் பொருள்களை அடுக்கிவைக்கும் பலகைகள், சூட்டில் வெடிக்காத மண்ணால் ஆனவை. அவற்றில் ஒரு வகை கார்டியரைட் என்ற கனிமத்தால் ஆனது. சூட்டில் அது மிகக் குறைவாகவே விரிவடையும். கடைகளில் விற்கும் 'பிட்சா கல்' பலவும் இதே பொருள்தான். புதிய பலகை ஒன்று கொண்டுவந்தோம். ஏற்கெனவே சூளையில் இருந்ததை எடுக்கக் கூடாது. மெருகு பூசிய தரை ஓடும் கூடாது. சில மெருகுகளில் ஈயம் உண்டு. தக்காளியின் புளிப்பு அதைக் கரைக்கும். ஈயம் மூளையையும் நரம்புகளையும் கெடுக்கும் நஞ்சு. இதில் விளையாட்டு வேண்டாம்.

இந்த இடத்தில் ஆயா குறுக்கிட்டார்: "கல்லுக்கு எங்கேடி அலையறே? நம்ம தோசைக்கல் இல்லையா?" நாங்கள் சிரித்தோம். பெயர்தான் கல், பொருள் இரும்பு. ஆனால் கணக்குப் போட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது.

நடுப்பகலில் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் கால் வைத்தால் துள்ளுகிறோம். அதே வெயிலில் கிடக்கும் மரப்பலகையில் நிற்க முடிகிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே சூடு என்றாலும், கல் தன் வெப்பத்தைக் காலுக்கு விரைவாகத் தள்ளுகிறது. இரு பொருள்கள் தொடும் இடத்தின் வெப்பநிலையை, அவற்றின் வெப்பங்கடத்தும் திறன், அடர்த்தி, வெப்ப ஏற்புத்திறன் ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வர்லமோவ், கிளாட்ஸ் என்ற இயற்பியலாளர்களும் கிராஸோ என்ற உணவு ஆய்வாளரும் 2018-இல் இதைப் பிட்சாவுக்குக் கணக்கிட்டார்கள். 330 டிகிரிச் செங்கல்லின்மேல் 20 டிகிரி மாவை வைத்தால், தொடும் இடம் 208 டிகிரி. பிட்சா இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். அதே சூட்டில் எஃகு இருந்தால் 300 டிகிரி, அடி கரிந்துபோகும். எஃகை 230 டிகிரிக்கு இறக்கினால் செங்கல்லின் பலனே கிடைக்கும், நேரம் மட்டும் ஏறத்தாழ மூன்று நிமிடமாகும்.

எங்கள் அடுப்போ 250-ஐத் தாண்டாது. அந்தச் சூட்டில் செங்கல் போன்ற பலகை தரக்கூடியது சுமார் 160 டிகிரி. இரும்பு தருவது 230-ஐ ஒட்டி. அலுமினியம் நல்ல கடத்திதான், ஆனால் மெல்லிய தட்டில் வெப்பச் சேமிப்பு இல்லை; ஈர மாவு பட்டதும் ஆறிவிடுகிறது.

இரண்டையும் அரை மணி நேரம் காயவைத்துச் சோதித்தோம். (சூடான தட்டை நகர்த்தும் வேலை பெரியவர்களுடையது.) பலகையில் எட்டு நிமிடம் ஆயிற்று, அடி காய்ந்தது, நிறம் கொஞ்சம் மட்டு. தோசைக்கல்லில் நான்காம் நிமிடம் அடி நன்றாகச் சிவந்தது. மேலே பாலாடைக்கட்டி அரைகுறை. செங்கல் அடுப்பில் சூடேறிய கூரையும் மேலிருந்து வெப்பத்தை வீசுகிறது, எங்களுக்குக் கூரை இல்லை.

சிறிது நேரம் பேசாமல் இருந்தவள், "பலகையை மேல் தட்டில் வைத்தால்?" என்றாள். கீழே தோசைக்கல், நான்கு விரல் இடைவெளியில் மேலே சூளைப் பலகை. ஐந்து நிமிடத்தில் கதவைத் திறந்தோம். அடி மொறுமொறு, மேலே மொசரெல்லா கொப்புளித்து நூலாக ஓடியது. நெய்யில் வறுத்த முந்திரியைத் தூவி முதல் துண்டை ஆயாவுக்குக் கொடுத்தாள். ஆயா மென்றுவிட்டு, "ஓமவல்லிதான் ஒரு இலை கூடிப்போச்சு" என்றார்.