கரட்டுக் காட்டில் ஒரு சரணாலயம்: தேவாங்குக்குச் சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்?

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி சாலையில் வடமதுரை, அய்யலூர் தாண்டிப் போகிறவர்களிடம் வழியில் காட்டைப் பார்த்தீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். உசிலையும் வெள்வேலும் கள்ளியும் முளைத்த கரடுகள்தான் கண்ணில் பட்டிருக்கும். கோடையில் அவையும் இலை உதிர்த்து நிற்கும். கொடைக்கானலுக்கு ஓடுகிற கூட்டம் இந்தத் திசைக்குத் திரும்புவதே இல்லை. ஆனால் இந்தியாவில் தேவாங்குக்கென்று ஏற்படுத்தப்பட்ட முதல் சரணாலயம் இந்தக் கரடுகளில்தான் இருக்கிறது.

2022 அக்டோபர் 12 அன்று தமிழக அரசு இதை அறிவித்தது. கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று பெயர். பரப்பு 11,806 ஹெக்டேர். கரூர் மாவட்டத்தின் கடவூர் வட்டமும், திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்களும் இதில் அடங்குகின்றன. சரணாலயம் என்றதும் புலி, யானை, குறைந்தபட்சம் ஒரு மான் கூட்டமாவது நினைவுக்கு வரும். இங்கே கால் கிலோவுக்கு முன்பின் எடையுள்ள, வாலில்லாத, பகலெல்லாம் கிளைகளுக்குள் சுருண்டு தூங்குகிற ஒரு பிராணிக்காக இவ்வளவு நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இதை நான் பெரிய மாற்றம் என்றே சொல்வேன். மழைக்காட்டையும் சோலையையும் காப்பதற்கு ஆதரவு எளிதில் கிடைக்கும். முள்காட்டுக்கு யார் பேசுவார்கள்? தரிசு என்று சொல்லி அதில் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து வைக்கலாம் என்பதுதான் இதுவரை நம் பழக்கம்.

இவ்வளவு பெரிய நிலம் ஒரே அரசாணையில் எப்படிச் சரணாலயமாக மாறியது? வழக்கமாக ஓர் இடத்தைச் சரணாலயமாக்க வேண்டுமென்றால், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் உத்தேச அறிவிப்பு வர வேண்டும். பிறகு மாவட்ட ஆட்சியர் அந்த நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்று விசாரித்துத் தீர்த்துவைக்க வேண்டும். பட்டா, பாதை, மேய்ச்சல், தண்ணீர் என்று இழுத்துக்கொண்டே போகும் வேலை அது. ஏற்கெனவே காப்புக்காடாக உள்ள நிலத்துக்கு அந்த நடைமுறை தேவையில்லை. 26-ஏ பிரிவின்படி நேரடியாக அறிவித்துவிடலாம். காப்புக்காடு ஆனபோதே உரிமைகள் விசாரித்து முடிக்கப்பட்டுவிட்டன என்பது சட்டத்தின் கணக்கு. அப்படிக் காப்புக்காடுகளை அறிவிக்க வழிசெய்யும் 1882-ஆம் ஆண்டு வனச்சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. கடவூர் சரணாலயம் இந்த 26-ஏ வழியில்தான் வந்தது. புதிதாக யாருடைய நிலத்தையும் எடுக்கவில்லை.

காப்புக்காட்டிலும் மரம் வெட்டக் கூடாது, சரணாலயத்திலும் கூடாது. அப்படியானால் என்ன வித்தியாசம்? காப்புக்காட்டுச் சட்டம் பிறந்ததே அரசின் மர வளத்தைக் காக்கத்தான். சரணாலயத்தில் விலங்கின் வாழிடம்தான் முதல் கேள்வி. மாநில வனவிலங்கு வாரியத்தோடு கலந்து, விலங்குகளின் நன்மைக்கு அவசியம் என்று அரசு கருதினால் ஒழிய அந்த வாழிடத்தைக் குலைக்கும் எந்த வேலைக்கும் அனுமதி தரக் கூடாது. சரணாலயத்தின் எல்லைகளை மாற்றுவதற்கு தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். நாளைக்கு ஒரு குவாரியோ சாலையோ இந்தக் கரடுகளைக் கேட்டு வந்தால், தாண்ட வேண்டிய படிகள் கூடியிருக்கின்றன.

இதே வித்தியாசம் ஆடு மேய்ப்பவர்களைத்தான் முதலில் தொடுகிறது. மேய்ச்சலை ஒழுங்குபடுத்தவோ தடுக்கவோ வனத்துறைக்கு அதிகாரம் உண்டு என்று மட்டுமே வனவிலங்குச் சட்டம் சொல்கிறது. ஆனால் 2022 மார்ச் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. சில நாட்களில் அதைத் திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று சுருக்கியது. காப்புக்காட்டு மேய்ப்பர்கள் தப்பினோம் என்று மூச்சு விட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இந்தக் கரடுகள் சரணாலயமாகிவிட்டன. நிலம் பறிபோகவில்லை என்பது உண்மை. ஆனால் நாற்பது வெள்ளாட்டை வைத்துப் பிழைப்பவருக்கு நிலத்தைவிட மேய்ச்சல்தானே பெரிது? வெள்ளாடு இளங்கன்றுகளைக் கடித்துக் காட்டை வளரவிடாது என்பதும் பொய்யில்லை. தீவனத்துக்கு மாற்று வழி காட்டாமல் தடையை மட்டும் காட்டினால், அடிவாரத்து ஊர்களில் தேவாங்குக்குப் புதிய பகை முளைக்கும்.

சரி, தேவாங்குக்கு என்னதான் வேண்டும்? எறும்பு, கரையான், வண்டு, வெட்டுக்கிளி என்று பூச்சிகள்தான் அதன் முக்கிய இரை. அந்த வகையில் விவசாயிக்கு நண்பன். இரவில் டார்ச் அடித்தால் இரண்டு கண்களும் செந்தணலாக மின்னும். உருண்டை விழிகளும் குச்சிக் கால்களுமாக, கிளையைப் பிடித்து ஓசையில்லாமல் நகரும். தாவாது. குரங்கைப்போல ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு எகிற அதற்குத் தெரியாது. ஆகவே கிளையோடு கிளை தொட்டுக்கொண்டிருக்கும் காடு வேண்டும். நெருக்கமான முள்மரங்கள் அதற்கு வீடாகவும் பாதையாகவும் இருக்கின்றன. இடையில் வெட்டவெளி வந்தால் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். தரையில் நாய் இருக்கிறது, சாலையில் லாரி இருக்கிறது.

மனிதர்களும் சும்மா விடவில்லை. கண்ணில் மருந்து இருக்கிறது, உடலில் மாந்திரீகச் சக்தி இருக்கிறது என்று பிடித்தவர்கள் உண்டு. ஒல்லியாக இருப்பவரைத் தேவாங்கு என்று கிண்டல் செய்கிற ஊர் நம்முடையது. அந்த ஒல்லி உடம்பில் எந்த மருந்தும் இல்லை. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. பிடித்தாலோ கொன்றாலோ மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

இனிதான் சிக்கலான பகுதி. தேவாங்குக்கு சரணாலயத்தின் எல்லைக்கல் தெரியாது. அடிவாரத்துப் புளியந்தோப்பு, தோட்டத்து ஓரம், பழைய கிளுவை வேலி என்று காட்டுக்கு வெளியிலும் அது வாழ்கிறது. கரூர், திண்டுக்கல் பக்கம் வரப்பைச் சுற்றிக் கிளுவை நட்டு உயிர்வேலி வளர்ப்பது பழைய வழக்கம். ஆடு நுழையாது, காற்று தடுபடும், செலவும் இல்லை. அது ஒரு கரட்டுக்கும் அடுத்த கரட்டுக்கும் இடையே கிளைவழிப் பாதையாகவும் இருந்தது என்று நம்ப இடமிருக்கிறது. இப்போது அந்த இடத்தில் கல்தூணும் கம்பிவேலியும் வந்துவிட்டன. இதைத் தடுக்க எந்தச் சரணாலய அறிவிப்பாலும் முடியாது. பட்டா நிலத்துக்காரர் மனம் வைத்தால் மட்டுமே உயிர்வேலி நிற்கும்.

அப்படி ஊர் மனம் வைத்த இடம் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. அழகர்மலை காப்புக்காட்டை ஒட்டிய காசம்பட்டி வீரகோயில் காடு ஐந்து ஹெக்டேருக்கும் குறைவு. சாமிக்குப் பயந்து மரத்தில் கைவைக்காமல் விட்டதால் வளர்ந்த கோயில்காடு. 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. மதுரை அரிட்டாபட்டிக்கு அடுத்து மாநிலத்தில் இரண்டாவது. இது வேறு சட்டம், 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். ஊர்மக்களின் வழக்கங்களை மாற்றாமல், அவர்களையே காவலாக வைத்துக்கொள்வதுதான் இதன் முறை. கண்டிப்பு குறைவு என்பது இதன் பலவீனம். அரிட்டாபட்டி 2022-இல் பாரம்பரியத் தலமான பிறகும் அந்த வட்டாரத்துக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர் ஊராக மக்கள் திரண்ட பிறகு, 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது.

ஊர் காக்கும் இப்படிப்பட்ட இடங்கள் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உலகக் கணக்கும் இருக்கிறது. 2030-க்குள் பூமியின் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று 2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியாவில் தேசியப் பூங்காக்களையும் சரணாலயங்களையும் மற்ற காப்பகங்களையும் கூட்டினால் நாட்டின் நிலப்பரப்பில் சுமார் 5 சதவீதம்தான் தேறும். மீதியைக் காப்புக்காட்டை மட்டும் பெயர் மாற்றி எட்ட முடியாது. கோயில்காடும் கண்மாயும் உயிர்வேலியும் கணக்கில் வந்தாக வேண்டும்.

அடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிளுவை வேலியைப் பிடுங்குவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். கம்பி கட்டியே ஆக வேண்டுமென்றால் வேலியை ஒட்டியே கட்டுங்கள். இரவில் அய்யலூர் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் வேகத்தைக் குறையுங்கள். தோட்டத்தில் தேவாங்கு தென்பட்டால் படம் எடுக்கக் கையில் தூக்க வேண்டாம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.