இளைஞர் இரவுக்கு இளைஞர் எங்கே?

புதுதில்லி: ஜெர்மனியின் கொலோன் நகரில் 2005 ஆகஸ்டில் உலக இளைஞர் தினம் நடைபெற்றது. அதன் தொடர்ச்சியாக அதே ஆண்டு அக்டோபரில் பான் நகரில் தொடங்கிய இளைஞர் இரவு வழிபாடு, பின்னர் வரலாற்றுச் சிறப்புமிக்க கொலோன் பேராலயத்திலும் இடம்பெற்றது. தெருவில் செல்வோரிடம் மெழுகுவர்த்தி கொடுத்து உள்ளே அழைப்பது அதன் வழக்கம்.

பங்காருபேட்டையை அடுத்த கோலார் தங்கவயலிலும் பழைமையான தேவாலயங்கள் உண்டு. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கிய பின், வட ஆர்க்காடு உள்ளிட்ட பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள் அங்கு வழிபட்டனர். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளை அழைக்க நினைத்தால், பலர் ஊரில் இல்லை.

மத்திய சுரங்கத் துறையின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் பிழைப்புக்காகப் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்புகின்றனர். உலகளாவிய ஏலத்துக்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் அனுமதி அளித்தும் அந்த ஆழ்சுரங்கங்கள் திறக்கப்படவில்லை.

ஊரில் வேலை இருந்தால்தான் இரவு வழிபாட்டுக்கு இளைஞர்கள் இருப்பர். அதற்கான முடிவு தில்லியின் கையில் உள்ளது.