கார் வந்தது சிக்னலுக்கு எப்படித் தெரிகிறது?

சிட்னியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது, நிறுத்தக் கோட்டருகே சாலையைப் பாருங்கள். தாரை அறுத்து, கறுப்புப் பசையால் அடைத்த கோடுகள் தெரியும். உள்ளே கம்பிச்சுருள், அதில் மாறுமின்னோட்டம். 1970களில் சிட்னியில் உருவாகி, மெல்பர்னிலும் இயங்கும் ஸ்கேட்ஸ் சிக்னல் முறைக்கு இதுதான் கண்.

மேலே கார் வந்ததும் அதன் அடித்தகட்டில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. எந்தத் திசையில்? தன்னைத் தூண்டிய மாற்றத்தை எதிர்க்கும் திசையில் என்றார் இயற்பியலாளர் லென்ஸ், 1834இல். வலக்கைப் பெருவிரலை நீட்டி மற்ற விரல்களை மடக்குங்கள்: மடங்கிய விரல்கள் மின்னோட்டம், பெருவிரல் காந்தப்புலம். மேலிருந்து பார்க்கையில் சுருளில் ஓட்டம் வலஞ்சுழியாகக் கூடும் கணத்தில், புலமும் கீழ்நோக்கிக் கூடுகிறது. அதைத் தடுக்க மேல்நோக்கிய புலம் வேண்டும். ஆகவே காரில் ஓட்டம் இடஞ்சுழி. எதிர்க்காமல் துணைபோனால் ஒன்றுமில்லாததிலிருந்து ஆற்றல் பெருகிக்கொண்டே போகும். இயற்கை அதை அனுமதிப்பதில்லை. இந்த விதியின் அழகே அதுதான்.

இந்த எதிர்ப்பால் சுருளின் தூண்டல்திறன் குறைகிறது. அதை இயக்கும் மின்சுற்றின் அலைவெண் ஏறுகிறது. கருவி வண்டியை அறிந்துகொள்கிறது. வண்டியின் எடைக்கு இதில் வேலையே இல்லை. சைக்கிளில் வருபவர்கள் சுருளின் நடுவில் நிற்காமல், அறுத்த கோட்டின் மேலேயே சக்கரங்களை நிறுத்துங்கள். அலுமினிய விளிம்பில் ஓடும் மின்னோட்டமே பெரும்பாலும் போதும்.